மதுரை விமான நிலையமும் வரப்போகும் இயந்திரங்களும்

பெருங்குடி தாண்டி விமான நிலையத்துக்குத் திரும்பும் சாலையில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் வேன்கள் வந்து நிற்பதைக் காணலாம். ஒன்று இராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும், இன்னொன்று சிவகங்கையிலிருந்தோ கமுதிப் பக்கத்திலிருந்தோ வந்திருக்கும். பயணம் போகிறவர் ஒருவர். வழியனுப்ப வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன் மேல் பெயரையும் ஊரையும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். வாயிலில் நிற்கும் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படைக் காவலர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் வாங்கி, இரண்டிலும் உள்ள பெயரை ஒப்பிட்டு, எதிரே நிற்பவரின் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடுகிறார். அந்த ஒரு பார்வையில் நடக்கும் வேலையைத்தான் இன்று உலகமெங்கும் இயந்திரங்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விமான நிலையங்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தில்லியையும் துபாயையும் சிங்கப்பூரையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்துபோகும் மதுரை போன்ற நிலையத்தில் அதே கருவிகள் வந்து இறங்கும்போது நடக்கப்போவது வேறு. இங்கே முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்காகத் தனியாகக் கடல் தாண்டிப் போகும் தாய்மார்கள் இருக்கிறார்கள். இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்குப் போய்வரும் கொத்தனாரும் ஓட்டுநரும் சமையல்காரரும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கருவி எத்தனை நொடியை மிச்சப்படுத்துகிறது என்பதோடு, அதனால் மிச்சமான ஆளை நிர்வாகம் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதுரைப் பயணிக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று தெரியும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், பிரிட்டிஷ் விமானப் படைக்காக அமைக்கப்பட்ட தளம் இது. இப்போதைய முனையம் 2010-இல் திறக்கப்பட்டது. 2012-இல் கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் புறப்பட்டது. அதன் பின் துபாய், சிங்கப்பூர் என்று வழிகள் சேர்ந்தன. 2024 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இயங்குவதற்கு வழி பிறந்தது. ஓடுபாதையின் நீளம் மட்டும் இன்னும் 2,285 மீட்டர்தான். பெரிய உடல் கொண்ட விமானங்கள் முழுச் சுமையோடு ஏறி இறங்க அது போதாது. அதை நீட்டும் திட்டமோ நில எடுப்பிலும், குறுக்கே போகும் சுற்றுச்சாலையிலும், இருந்த மண்ணை விட்டு எங்கே போவது என்று கேட்கும் சின்ன உடைப்பு கிராமத்து மக்களின் நியாயமான கேள்வியிலும் ஆண்டுக்கணக்காக நிற்கிறது. நிலமும் கட்டடமும் மெதுவாக வரும் இடத்தில், இருக்கிற சுவர்களுக்குள்ளேயே கூடுதல் பேரை நெரிசலில்லாமல் அனுப்பிவைக்க வேண்டிய பொறுப்பு கருவிகள் மீது விழுகிறது. மதுரையில் தொழில்நுட்பம் பற்றிய பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 180 பேர் கொண்ட விமானம் ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இமிகிரேஷனில் மூன்று மேசைகளில் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரை நிமிடம் ஆகிறது. கடைசி ஆள் வெளியே வர 90 நிமிடம் பிடிக்கும். பயணிகளில் பாதிப் பேரை ஓர் இயந்திர வாயில் ஆளுக்கு 20 நொடி வீதம் அனுப்பினால், அந்த 90 பேர் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவார்கள். மீதி 90 பேர் மூன்று மேசைகளில் 45 நிமிடத்தில் முடிவார்கள். அதாவது இயந்திரத்தைத் தொடாத, தொடத் தெரியாத பயணிக்கும் காத்திருப்பு பாதியாகக் குறைகிறது. அரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானமும் இறங்கிவிட்டால் இந்தக் கணக்கின் அருமை இன்னும் நன்றாகப் புரியும்: முதல் கூட்டம் கலைவதற்குள் இரண்டாவது கூட்டம் வந்து சேர்ந்து, கைக்குழந்தைக்காரர்கள் சுவரோரம் தரையில் உட்காரும் நிலை அப்போதுதான் உருவாகிறது. நாள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் காலியாகத் தெரியும் ஒரு சிறிய நிலையம், குறிப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மட்டும் மூச்சுத் திணறும். இயந்திரங்களின் உண்மையான பயன் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

முக அடையாள வாயில்கள் இந்தியாவில் வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். டிஜி யாத்ரா என்னும் திட்டம் 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் உள்நாட்டுப் பயணிகளுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட பல ஊர்களுக்குப் பரவியது. பயணி தன் கைப்பேசியில் செயலியை இறக்கி, ஆதார் வழியே தன்னை உறுதிப்படுத்தி, முகத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்கிறார். பயணத்துக்கு முன் போர்டிங் பாஸை அதில் சேர்த்து, புறப்படும் நிலையத்துக்கு அனுப்புகிறார். வாயிலில் உள்ள கேமரா முகத்தைப் பார்த்ததும் கதவு திறக்கிறது. முக விவரம் பயணியின் கைப்பேசியிலேயே இருக்கும் என்றும், நிலையத்துக்குப் போன நகல் விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்படும் என்றும் திட்டத்தின் விதிகள் சொல்கின்றன.

கேமரா முகத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை. கண்களுக்கு இடைப்பட்ட தொலைவு, மூக்கின் அமைப்பு, தாடையின் வளைவு போன்றவற்றையெல்லாம் உள்வாங்கி, முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. ஏற்கெனவே பதிவான எண் வரிசைக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ‘இவர் அவரே’ என்று முடிவு செய்கிறது. பழனியில் மொட்டை போட்டுவிட்டு நேராக விமான நிலையத்துக்கு வருகிறவரைக் கூட அது பெரும்பாலும் கண்டுகொள்ளும். முடி அதற்கு ஒரு பொருட்டில்லை. சிக்கல் அந்த வரம்பில் இருக்கிறது. வரம்பை இறுக்கினால் உரியவரையே நிறுத்தும், தளர்த்தினால் அடுத்தவரை உள்ளே விட்டுவிடும். இரண்டையும் முழுதாகத் தவிர்க்கும் அளவுகோல் எதுவும் கிடையாது. அமெரிக்க அரசின் தர அளவீட்டு நிறுவனம் 189 முக அடையாள மென்பொருள்களைச் சோதித்து 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒருவரை இன்னொருவர் என்று தவறாக ஏற்கும் பிழை, அவற்றில் பலவற்றில், வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் பத்து முதல் நூறு மடங்கு வரை அதிகமாக இருந்தது. மிகத் துல்லியமான மென்பொருள்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எந்த மென்பொருளை வாங்குகிறோம், அதை நம் மக்களின் முகங்களில் சோதித்துப் பார்த்தோமா என்று கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இயந்திரம் தன்னை ஏற்காமல் போகும்போது மனிதருக்கு என்ன நேர்கிறது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் விமான நிலையத்துக்கு வந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ரேஷன் கடையிலேயே பார்த்துவிட்டார்கள். நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் படிக்காது. விரலைச் சேலை முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, அப்போதும் படிக்காமல், வரிசையில் பின்னால் நிற்பவர்களைத் திரும்பிப் பார்க்கும் பாட்டியின் முகம் எனக்குப் பலமுறை கண்ணில் பட்டிருக்கிறது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் கூசிப்போகிறார். விமான நிலைய வாயிலில் அது நடந்தால் கூச்சத்தோடு பயமும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் விமானம் காத்திருக்காது. ஆகவே முக அடையாள வாயிலுக்குப் பக்கத்திலேயே, தூரத்திலோ மூலையிலோ இல்லாமல் கைக்கெட்டும் தொலைவில், காகிதத்தைப் பார்த்து அனுப்பும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதை வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

விருப்பம் பற்றிய கேள்வியும் உண்டு. டிஜி யாத்ராவில் சேர்வது கட்டாயமில்லை என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறது. ஆனாலும் சில நிலையங்களில் நுழைவாயிலிலேயே, கேட்காமலும் விளக்காமலும் பயணிகளின் முகம் படமெடுக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. திட்டத்தை நடத்தும் அறக்கட்டளை ஒரு தனி நிறுவனம். இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்கு அதில் 26 சதவீதப் பங்கு, மீதி தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி நிலையங்களை நடத்தும் நிறுவனங்களுடையது. பொது வாயிலில் பொதுமக்களின் முகத்தைக் கையாளும் ஓர் அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதா என்பதில் தெளிவு வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. சட்டம் இப்படித் தவழ்ந்து வருவதற்குள் கேமராக்கள் ஓடி முடித்துவிடுகின்றன.

அடுத்து, பெட்டி. இதில் எனக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

வளைகுடாவில் எட்டாண்டுகள் வேலை பார்த்த என் சித்தப்பா, மகளின் சடங்குக்காக விடுப்பில் வந்தார். வழியில் ஒரு விமானம் மாறி வர வேண்டியிருந்தது. மதுரையில் இறங்கி, பெல்ட் சுற்றத் தொடங்கியதிலிருந்து அது நிற்கும் வரை அவர் அங்கேயே நின்றார். அவருடைய பெட்டி வரவில்லை. மகளுக்கு எடுத்த பட்டுப் பாவாடைத் துணி, எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பொருள், அப்பத்தாவுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய போர்வை எல்லாம் அதில் இருந்தன. போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தந்திருந்த சிறு துண்டுச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளுக்கு மூன்று முறை அந்த விமான நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற ஒரே பதில்தான் ஒவ்வொரு முறையும் வந்தது. மூன்றாம் நாள் சடங்கு நடந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஒரு ஆட்டோவில் பெட்டி வந்து இறங்கியது. பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்த நான்கு நாளில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் அவர் இவ்வளவு உடைந்துபோயிருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்தத் துண்டுச் சீட்டில் இருந்த பத்து இலக்க எண்தான் பெட்டியின் பெயர், முகவரி எல்லாமே. அதில் இரண்டாம் இலக்கத்திலிருந்து நான்காம் இலக்கம் வரை விமான நிறுவனத்தின் குறி. கடைசி ஆறு இலக்கங்கள் அந்தப் பெட்டிக்கு மட்டும் உரியவை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 753-ஆம் எண் தீர்மானத்தின் மூலம், 2018 ஜூன் முதல் ஒவ்வொரு பெட்டியையும் நான்கு இடங்களில் பதிவு செய்ய வேண்டும் என்று உறுப்பு நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது: பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, இன்னொரு விமானத்துக்கு மாற்றும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது. பார்கோடு என்றால் கோடுகள் கசங்காமல், ஸ்கேனருக்கு நேராகத் தெரிய வேண்டும். சீட்டுக்குள் ரேடியோ சில்லு இருந்தால் பெட்டி எப்படிக் கவிழ்ந்து கிடந்தாலும் பக்கத்தில் போனதும் கருவி படித்துக்கொள்ளும். விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பம் வழங்கும் எஸ்.ஐ.டி.ஏ. நிறுவனத்தின் கணக்குப்படி, 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் வழி தவறின அல்லது தாமதமாயின. 2024-இல் அது 6.3 ஆகக் குறைந்தது. அப்படித் தவறுகிறவற்றுக்கு முதல் காரணம், சித்தப்பாவின் பெட்டிக்கு நேர்ந்ததுதான்: விமானம் மாறும் இடம். மதுரையிலிருந்து நேராகப் போகும் வெளிநாட்டு வழிகள் சில மட்டுமே என்பதால் நம் பயணிகளில் நிறையப் பேர் எங்கேனும் ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். ஆகவே முக வாயிலைவிட இந்தச் சில்லுதான் நமக்கு முதலில் வேண்டியது என்பது என் எண்ணம். அதுவும் பெட்டி இருக்கும் இடத்தை நிறுவனம் அறிந்துகொள்வதோடு நில்லாமல், பயணியின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வரியாக வந்து சேர வேண்டும்.

பெட்டி விஷயத்தில் பேராசையும் கெடுதல் செய்யும். அமெரிக்காவின் டென்வர் நகர விமான நிலையம், முழுக்க முழுக்கத் தானியங்கியான பெட்டி ஏற்பாட்டை நம்பியதால் திறப்பு விழாவை 16 மாதம் தள்ளிப்போட நேர்ந்தது. சோதனையில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதின, பெட்டிகள் தூக்கி எறியப்பட்டுத் துணிகள் சிதறின. 1995-இல் நிலையம் திறந்த பிறகும் அந்த ஏற்பாடு ஒரு பகுதிக்கு மட்டும் அரைகுறையாக ஓடி, 2005-இல் கைவிடப்பட்டது. பெட்டியைத் தூக்க ஆளும், அது இருக்குமிடம் சொல்லக் கருவியும் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட நிலையங்கள் இதைவிட நன்றாகவே நடந்தன.

பாதுகாப்புச் சோதனையில் வரும் மாற்றம் இன்னும் நுட்பமானது. சோதனைத் தட்டுகளுக்கு அருகில் ஒருமுறை நான் நின்றிருந்தபோது, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவின் கைப்பையிலிருந்து மாவடு ஊறுகாய் பாட்டில் ஒன்றும், மிளகாய்ப்பொடிப் பொட்டலம் ஒன்றும் தனியே எடுத்து வைக்கப்பட்டன. பாட்டிலின் மூடியைப் பாலிதீன் உறையால் மூன்று சுற்று சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். “மகளுக்குக் கொண்டுபோறேன் தம்பி, இங்கேயே வேணும்னா ஒரு கரண்டி சாப்பிட்டுக் காட்டுறேன்” என்றார். சோதனை செய்த இளைஞர் தமிழர்தான். “பெரிய பெட்டியில போட்டிருந்தா பிரச்சினையே இல்லம்மா, கையில கொண்டுபோகக் கூடாது” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மிளகாய்ப்பொடி கண்ணில் தூவக்கூடியது என்பதால் தடை. கொப்பரைத் தேங்காய், எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் தடை. வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவத்துக்குத் தடை வந்தது, 2006-இல் லண்டனிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு.

பழைய எக்ஸ்ரே கருவி பையைத் தட்டையான ஒரே படமாகத்தான் காட்டும்; மடிக்கணினிக்கு அடியில் இருப்பது மறைந்துவிடும், அதனால்தான் அதைத் தனியே எடுக்கச் சொல்கிறார்கள். மருத்துவமனைகளில் உள்ள சி.டி. ஸ்கேன் போலப் பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் புதிய கருவிகள், உள்ளே இருப்பதை முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்க்க வழி செய்கின்றன. பொருளின் அடர்த்தியையும் கணிக்கின்றன. எதையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை, தண்ணீர் பாட்டில் கூடப் போகலாம் என்ற நம்பிக்கையை இவை கொடுத்தன. ஐரோப்பாவில் சில நிலையங்கள் அப்படி அனுமதிக்கவும் செய்தன. ஆனால் கருவியின் கணிப்பில் ஐயம் எழுந்ததால் 2024 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் 100 மில்லிலிட்டர் விதியைத் தற்காலிகமாக மீண்டும் கொண்டுவந்தது. கருவி வந்துவிட்டாலே விதி தளர்ந்துவிடும் என்று எண்ண முடியாது. அதே சமயம், கருவி ஏதும் மாறாமலே விதி வளைவதும் உண்டு: 2024-இல் சபரிமலைப் பருவத்தில் ஐயப்ப பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கையிலேயே கொண்டுபோக, சோதனைக்குப் பின், சிறப்பு அனுமதி தரப்பட்டது. ஊறுகாய் அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது சி.டி. ஸ்கேனர் அல்ல, டிக்கெட் எடுத்த நாளிலேயே, எதைப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும் என்று மாவடு, மிளகாய்ப்பொடி, கொப்பரை எனப் பெயர் சொல்லித் தமிழில் வரும் ஒரு குரல் செய்தி. அதைச் செய்யும் தொழில்நுட்பம் இன்றைக்கே இருக்கிறது, விலையும் குறைவு.

எல்லை கடக்கும் இடத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்குகிறவர், அந்த நாட்டில் வசிப்பவராக இருந்தால், பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுக்காமலேயே முகத்தையும் கருவிழியையும் காட்டி வெளியேறிவிடலாம். 2024-இல் சாங்கி நிலையத்தின் எல்லா முனையங்களுக்கும் இது வந்துவிட்டது. துபாயிலும் நடந்துபோகும்போதே அடையாளம் காணும் சுரங்கவழி 2018-லிருந்து இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூனில் தில்லியில் தொடங்கிய விரைவுக் குடிநுழைவுத் திட்டம், முன்கூட்டியே பதிவு செய்த இந்தியக் குடிமக்களையும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை வைத்திருப்போரையும் இயந்திர வாயில் வழியே அனுப்புகிறது. 2025 ஜனவரியில் சென்னைக்கும், செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. திருச்சிக்கு வந்தது மதுரைக்கு வர நெடுங்காலம் ஆகக் கூடாது. சில்லு பதித்த புதிய பாஸ்போர்ட்டுகள் இப்போது வழங்கப்படுவதால் அதற்கான அடித்தளமும் போடப்பட்டுவிட்டது.

இந்த வாயிலில் எல்லோரும் நுழைந்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகிறார் என்றால், 1983-ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி அவருக்குத் தனி அனுமதி வேண்டும். அவரிடம் அதிகாரி கேட்கும் கேள்விகள் தொல்லைக்காக ஏற்பட்டவை அல்ல. வீட்டுவேலைக்கு என்று அழைத்துப் போய் வேறெங்கோ விற்றுவிடும் ஏஜென்ட்டுகளிடமிருந்து காப்பதற்காக ஏற்பட்டவை. யார் விசா வாங்கிக் கொடுத்தது, சம்பளம் எவ்வளவு என்று சொன்னார்கள், அங்கே யாரைத் தெரியும் என்று அவர் மொழியில், அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டால்தான் பதிலில் உள்ள தடுமாற்றம் தெரியும். அடிக்கடி பறக்கும் பொறியாளரை இயந்திரம் 20 நொடியில் அனுப்பிவைத்தால், அதனால் மிச்சமாகும் நேரத்தை அந்த அதிகாரி இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசச் செலவிட முடியும். இயந்திர வாயிலை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம் இதுதான். மேசையில் இருக்கும் ஆளைக் குறைப்பதற்காக அதைக் கொண்டுவந்தால் எதிர்ப்பதற்கும் இதுவே காரணம்.

எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, இந்திய விமான நிலையங்களில் ஊழியர்கள் பேனா எடுத்து போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 2025 செப்டம்பரில் செக்-இன் மென்பொருள் ஒன்று தாக்குதலுக்கு உள்ளாகி, பிரஸ்ஸல்ஸ், பெர்லின், லண்டன் ஹீத்ரோ நிலையங்கள் தடுமாறின. அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் கடத்தும் கணினி நின்றுபோய், நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. அன்றைக்கெல்லாம் நிலைமையைக் காப்பாற்றியது, கையால் செய்யத் தெரிந்த ஊழியர்கள் இன்னும் பணியில் இருந்ததுதான். பத்தாண்டு கழித்து, திரையைத் தவிர வேறெதையும் தொட்டறியாத ஊழியர்கள் மட்டும் இருக்கும் நிலையத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று இப்போதே திட்டமிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது கணினி இல்லாமல் ஒரு விமானத்தை அனுப்பிப் பயிற்சி பார்க்க வேண்டும்.

இனி சக்கர நாற்காலி. டோக்கியோவின் ஹனேதா நிலையத்தில் 2020 முதல், தள்ள ஆள் தேவைப்படாமல் தானே வழி கண்டு பயணியை வாயிலில் கொண்டுபோய் விடும் நாற்காலிகள் ஓடுகின்றன. மூட்டு வலிக்காரர்களுக்கு அது பேருதவி. ஆனால் நம் ஊரிலிருந்து தனியாக வெளிநாடு போகும் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் சக்கர நாற்காலி பதிவு செய்வது பெரும்பாலும் கால் வலிக்காக மட்டும் இல்லை. விமானம் மாறும் ஊரில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாத அம்மாவை ஒருவர் கூடவே அழைத்துப் போவார் என்ற நிம்மதிக்காக. என் அத்தை முதன்முறை போனபோது அப்படித்தான் போனார். நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு, பாதி தூரம் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனதாகச் சொன்னார். அவருக்கு வேண்டியிருந்தது நாற்காலியைத் தள்ளிய அந்தப் பையன்தான். அந்த ஊரில் தமிழ் தெரியாத அவனும் ‘அம்மா’ என்ற ஒரு சொல்லை மட்டும் தெரிந்து வைத்திருந்தான் என்று இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார். தானே ஓடும் நாற்காலி வந்து அந்தப் பையன் போய்விட்டால், அத்தையைப் பொறுத்தவரை சேவை குறைந்துவிட்டது என்றுதான் பொருள்.

மொழியும் இதே போல்தான். நாட்டின் பல பெரிய நிலையங்கள் ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்து, திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டன. இரைச்சல் குறைவது நல்லதுதான். ஆனால் ஆங்கிலமும் இந்தியும் படிக்கத் தெரியாதவருக்குக் காது ஒன்றே வழி. பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, மறுபடி குரலாக்கும் கருவிகள் இப்போது தமிழுக்கும் வந்துவிட்டன. நடுவண் அரசே 2022-இல் தொடங்கிய பாஷிணி என்னும் மொழித் திட்டம் அதற்காகத்தான். வாயில் மாறிவிட்டது, விமானம் 40 நிமிடம் தாமதம், இரண்டாம் எண் பெல்ட்டில் பெட்டி வருகிறது என்பவை திரும்பத் திரும்ப வரும் சில நூறு வாக்கியங்கள். இவற்றைத் தெளிவான தமிழில், உடனுக்குடன் சொல்ல இயந்திரத்தால் முடியும். அது இங்குள்ளவர் பேசும் தமிழாக இருக்க வேண்டும். ‘புறப்பாட்டு நுழைவாயில் மாற்றியமைக்கப்படுகிறது’ என்று அறிவித்தால் பாதிப் பேர் நிமிர்ந்து கூடப் பார்க்க மாட்டார்கள். ‘சிங்கப்பூர் போறவங்க மூணாம் நம்பர் வாசலுக்கு வாங்க’ என்றால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

விமான நிலைய ஆலோசனைக் குழு கூடும்போதெல்லாம் புதிய விமானங்களைப் பற்றியும் ஓடுபாதையைப் பற்றியுமே பேச்சு நடப்பது இயல்பு; அவை முடிந்தால்தான் மதுரை வளரும். அந்தக் கூட்டங்களில் இனி வாங்கப்போகும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் இரண்டு கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்: இதனால் விடுபடும் ஊழியர் எந்த இடத்தில் நிற்பார்? இயந்திரம் ஏற்காத பயணி எந்தப் பக்கம் திரும்புவார்? முதல் கேள்விக்கான விடையாக, வாயிலுக்கு உள்ளே நுழைந்ததும், வழியனுப்ப வந்த பன்னிரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட, கையில் பாஸ்போர்ட்டோடு தனியாகத் திகைத்து நிற்கும் அந்த ஒருவருக்கு எதிரில், சீருடையணிந்த ஒருவரை நிறுத்தலாம். “எங்கே போறீங்க, வாங்க” என்று அவர் கேட்டுவிட்டு, செக்-இன் மேசை வரை கூட நடந்தால் போதும், நாற்பதடி தூரம்தான்.